ஒரு பள்ளி, ஓர் ஊர், ஒரு கேள்வி

மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் வழங்கிய இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது நம் காரைக்கால் பகுதிக்கு, 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கப்பட்டது என்பதும், 2018இல் உச்ச நீதிமன்றம் அவ்வளவை மாற்றாது விட்டது என்பதும் நம் விவசாயப் பெருமக்கள் அறிந்தவையே. ஆயினும், நெடுங்காட்டு விவசாயி ஒருவர் தம் வயலின் மடைவாயில் நின்றுகொண்டு இவ்வெண்களை எத்தனை முறை சொன்னாலும் நாற்றங்கால் நனைவதில்லை. நீர் வரவில்லையெனில் மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு வாய்க்கால் கரை மீது மேற்கு நோக்கி நடக்க வேண்டும். எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது, எந்த மதகின் ஷட்டர் இறங்கியிருக்கிறது என்று கண்ணால் கண்டு வர வேண்டும். எண் ஓர் அறிவு. நடந்து பார்ப்பது மற்றோர் அறிவு. கடைமடைக்காரருக்கு இரண்டும் வேண்டும்.

பிள்ளைகளின் கல்வியும் இத்தன்மையதே. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் இடையில் நின்றனர் என்பதற்கு ஆண்டுதோறும் கணக்கு எடுக்கப்படுகிறது. பள்ளி தோறும் ‘யூ-டைஸ்’ படிவம் நிரப்பப்படுவதைத் தலைமையாசிரியர்கள் நன்கு அறிவார்கள். ஆனால், ‘ஏன்?’ என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால், அப்படிவத்தில் அதற்கு விடை இல்லை. அவ்விடையைத் தேடுவதற்கு ஒழுங்கானதொரு முறை உண்டு. அது பெரிய பல்கலைக்கழகத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஊரார் சிலர் கூடிச் செய்யக்கூடியது. அதைப் பற்றி எழுதுவதே இங்கு நம் நோக்கம்.

ஆங்கிலத்தில் ‘கேஸ் ஸ்டடி’ எனப்படும் இம்முறையைக் கல்வியியல் பாடநூல்கள் ‘தனியாள் ஆய்வு’ என்று வழங்குகின்றன. இப்பெயர் நமக்கு நிறைவளிக்கவில்லை. ஆராயப்படுவது ஓர் ஆளாக இருக்கலாம். ஒரு வகுப்பாகவோ, ஒரு பள்ளியாகவோ, ஒரு தெருவாகவோ, ஒரு திட்டமாகவோகூட இருக்கலாம். அரசுக் கோப்புகளில் ‘இந்நேர்வில்’ என்று எழுதிப் பழகியவர்களாதலின், ‘தனிநேர்வு ஆய்வு’ என்னும் சொல்லையே நாம் கையாளுகிறோம். ஒரே ஒரு நேர்வை எடுத்துக்கொண்டு, அது நிகழும் இடத்திலேயே, அதன் சுற்றுச் சூழலோடு சேர்த்து, பல வகைச் சான்றுகளைக் கொண்டு ஆழ்ந்து ஆராய்வது என்பது இதன் பொருள்.

எண்ணாய்வைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. கொரோனா நோயினால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்ததன் பின்னர், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தனர். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கல்வி இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 2021ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’யால் விளைந்தது என்றும் கண்டனர். ஒரு திட்டத்திற்குப் பணம் ஒதுக்கும் அரசுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. எனினும் ஏதோ ஒரு தெருவில் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த சிறுமி ஒருத்தி கார்த்திகை மாதத்தில் நின்றுவிட்டது ஏன் என்பதை 19,000 பேரின் சராசரி கூறாது. அத்தெருவுக்குத்தான் போக வேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

தனிநேர்வு ஆய்வு புதியதன்று. பிரெஞ்சு நாட்டில் சுரங்கப் பொறியாளராக விளங்கிய ஃப்ரெடெரிக் லெ ப்ளே என்பார் ஐரோப்பாவெங்கும் சென்று, தொழிலாளர் குடும்பங்களை ஒவ்வொன்றாக அணுகி, அவர்தம் வரவு செலவு முழுவதையும் கேட்டு எழுதி, 36 குடும்பங்களின் வரலாறுகளை 1855இல் நூலாக வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் கணக்கை அறிந்தால் அதன் வாழ்க்கை முழுவதும் விளங்கும் என்பது அவர் துணிபு.

நம் காவிரிப் பகுதியிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டளவில் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து அவரவர் கிராமங்களை ஆராயச் செய்தார். 1918இல் வெளியான அந்நூலில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று பாலக்குறிச்சி. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில், நமக்குத் தெற்கே அண்மையில் உள்ள ஊர் அது. 1937இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களுக்கு மீண்டும் ஆட்களை அனுப்பி மறு ஆய்வு நடத்தினர். அதன் பின்னரும் ஆராய்ச்சியாளர்கள் பாலக்குறிச்சிக்கு வந்தவண்ணமே இருக்கின்றனர். முதல் முறை எழுதியவர்கள் எதைக் கேட்டோம், யாரிடம் கேட்டோம் என்பதைக் குறித்து வைத்ததனாலேயே பின்வந்தவர்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கல்விக்கே உரிய நேர்வு ஒன்றும் கூறுவோம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. புதுச்சேரியில் நடந்த அறிவொளி இயக்கத்தை நினைவுகூரும் பெரியோர் நம்மிடையேயும் உள்ளனர். புதுக்கோட்டையில் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துடன் மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கணக்கு என்ன சொல்லும்? இத்தனை பேர் எழுத்தறிவு பெற்றனர் என்று சொல்லும். பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஆராய்ச்சியாளர் நித்யா ராவ் போன்றோர் அக்கிராமங்களுக்கே சென்று அப்பெண்களிடம் பேசியபோது வெளிப்பட்ட செய்தி வேறு. விவசாயக் கூலிப் பெண்களும், கல்லுடைக்கும் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் மிதிவண்டியேறிச் சென்றனர். தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்கள் பேருந்துக்கோ வீட்டு ஆடவருக்கோ காத்திருக்கவில்லை. ‘மிதிவண்டிக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு?’ என்னும் கேள்வியை எந்தப் படிவமும் கேட்டிருக்காது. படிவத்தில் இல்லாத விடை கிடைப்பதே தனிநேர்வு ஆய்வின் தனிச் சிறப்பு.

நெடுங்காட்டுக்கு ஒரு கேள்வி

இம்முறையை நம் கொம்யூனில் ஒரு பள்ளியில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலில் வேண்டுவது கேள்வி. ‘நம் பள்ளியின் நிலை என்ன?’ என்பது கேள்வியாகாது. அது வயலைப் பார்த்து ‘விவசாயம் எப்படி?’ என்று கேட்பது போன்றது. ‘எவ்வாறு?’, ‘ஏன்?’ என்று தொடங்கி, ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சுட்டுவதே ஆய்வுக்குரிய கேள்வி என்று இத்துறையில் பெயர் பெற்ற ராபர்ட் யின் 1984இல் வெளியான தம் நூலில் வற்புறுத்துகிறார்.

நமக்கு அத்தகைய கேள்வி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வு வாரியம் இல்லாமையால் காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. தொடக்க வகுப்புகள் சில ஆண்டுகளுக்கு முன்னரே சி.பி.எஸ்.இ. முறைக்கு மாறிவிட்டன. 2023-24ஆம் கல்வியாண்டில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளும் 11ஆம் வகுப்பும் மாறின. மறு ஆண்டில் 10, 12 ஆகியனவும் மாறின. இம்மாற்றம் நன்றா, தீதா என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு வரவில்லை. அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு உதவாது போயிற்று என்பதும், தமிழ்நாட்டுப் பாடத்தில் படித்துத் தேறிய பக்கத்து வீட்டு அக்காளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை இப்பொழுது யாரிடம் கேட்கிறது என்பது தெரியவில்லை என்பதும் மட்டும் உண்மை. ஆகவே, ‘பாடத்திட்டம் மாறிய பின்னர், விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று பள்ளியிலும் வீட்டிலும் படிக்கும் முறை எவ்வாறு மாறியது? வருகை குறைந்திருப்பின் ஏன்?’ என்று கேட்கலாம். இதற்குச் சரியான விடை கிடையாவிடில், படிப்பில் பின்தங்கியோரெல்லாம் ‘படிப்பு ஏறாத பிள்ளைகள்’ என்று முத்திரை குத்தப்பட்டு ஒன்பதாம் வகுப்போடு வெளியேறுவார்கள். விடை தெரிந்தாலோ, மாலை நேரத்தில் ஓர் ஆசிரியரை அமர்த்துவதா, தெருவிளக்கு போடுவதா, பாதையை உயர்த்துவதா என்பதைப் பஞ்சாயத்து உறுதியுடன் முடிவு செய்யலாம்.

கேள்விக்கு அடுத்தபடி எல்லை. வயலுக்கு வரப்புப் போல ஆய்வுக்கும் வரப்பு வேண்டும். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்தத் தெருக்கள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் தொடங்கினால், ஊரின் கதை முழுவதும் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். கேள்வி மட்டும் காணாமற் போகும். ஒரு பள்ளி, அதில் 8, 9, 10ஆம் வகுப்புகள், அப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஓரிரு குடியிருப்புகள், 2022 ஜூன் தொடங்கி மூன்று கல்வியாண்டுகள் என்று வைத்துக்கொள்வது தகும். வீடுகள் எட்டோ பத்தோ போதும். அவ்வீடுகளைத் தெரிந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீடு இரண்டு, தட்டுத் தடுமாறும் பிள்ளையின் வீடு சில, இடையில் நின்ற பிள்ளையின் வீடு கட்டாயமாக ஒன்றிரண்டு இருத்தல் நலம். உறவினர் வீடுகளாகவே பொறுக்கினாலும், பஞ்சாயத்து அலுவலகத்துக்கு அருகில் உள்ளவையாகவே பொறுக்கினாலும் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். சாலையோரத்து வயலை மட்டும் பார்த்து ஊரின் விளைச்சலைச் சொல்பவரை நாம் நம்புவதில்லையல்லவா?

யார் ஆராய்வது? கல்வி உரிமைச் சட்டம் (2009) அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் கடமை. ஆதலின் ஆய்வுக்கு வேறு அதிகாரம் தேடிப் போக வேண்டுவதில்லை. குழுவிலிருந்து இருவர், அவர்களுள் ஒருவர் பெண், அவர்களுடன் ஊரில் பட்டம் படித்த இளைஞர் ஒருவர் என மூவர் போதும். இங்கிலாந்தில் கல்வி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், ஆசிரியரே ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று 1970களில் வாதித்தார். பெற்றோரும் ஆகலாம் என்று நாம் ஒரு படி மேலே சென்று கூறுவோம்.

வட்டார வளர்ச்சி அலுவலர் நேரில் சென்று கேட்பது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜீப் வண்டி வாசலில் வந்து நின்றதும், ஏதோ ஒரு திட்டத்திற்குப் பெயர் எழுதுகிறார்கள் என்றெண்ணி வறுமையைச் சற்றுக் கூட்டிச் சொல்வது இயல்பு. வகுப்பாசிரியர் கேட்டால், பிள்ளையைக் கடிந்துகொள்வாரோ என்று குறையை மறைப்பதும் இயல்பு. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். எனவே ஒவ்வொரு விடையின் அருகிலும் கேட்டவர் யார், உடனிருந்தோர் யார் என்பதையும் குறிக்க வேண்டும்.

மூன்று சாட்சிகள்

ஒரு சாட்சியை வைத்துப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வதில்லை. இவ்வாய்விலும் ஏடு, வாய்மொழி, நேர்காட்சி என மூன்று சாட்சிகள் வேண்டும்.

பள்ளியில் உள்ள ஏடுகள் பொக்கிஷம் போன்றவை. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் வழங்கிய புத்தகம், மதிய உணவுக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்ட நடவடிக்கைப் புத்தகம் ஆகியவற்றைத் தலைமையாசிரியரின் அனுமதியுடன், பள்ளியிலேயே அமர்ந்து பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் ‘வந்தார்’ என்ற குறி இருக்கும் நாளில், உணவுண்டோர் தொகை அதைவிட மிகவும் குறைந்திருக்குமாயின், பிற்பகலில் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி எழுகிறது. வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவோரும் உண்டு ஆதலால் உடனே ஐயுறுதல் கூடாது. கேட்டுத் தெளிய வேண்டும். மாற்றுச் சான்றிதழ் பெறாமலே வருகை நின்றுபோன பெயர்களும் கண்ணில் படும். அப்பெயர்களுக்குரிய வீடுகளே நாம் முதலில் செல்ல வேண்டியவை.

வாய்மொழியில் ஒரு நுட்பம் உண்டு. ‘பையன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை?’ என்று கேட்டால் வருவது காரணமன்று, சமாதானம். ‘அம்மா, நேற்று விடிந்தது முதல் தம்பி பள்ளிக்குக் கிளம்பும் வரை வீட்டில் என்னென்ன நடந்தது, சொல்லுங்களேன்’ என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பு மூட்டியது யார், கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார், சட்டை காயாதது எப்படி, பேருந்து எத்தனை மணிக்குப் போயிற்று என்பதெல்லாம் தாமே வரும். நடந்ததைக் கேட்க வேண்டும். கருத்தைப் பின்னர் கேட்கலாம். ஒரு வீட்டுக்கு இரு முறையாவது செல்லுதல் நன்று. முதல் நாள் பேசுவது வந்தவருக்கு மரியாதை. இரண்டாம் நாள் பேசுவதுதான் பேச்சு. ஒரு முறை நடவு நடக்கும் காலத்திலும், மறு முறை வேலையற்ற காலத்திலும் செல்ல முடிந்தால் இன்னும் சிறப்பு. பிள்ளையிடம் பேசும்போது பெற்றோர் அனுமதி வேண்டும். அம்மாவோ அக்காளோ அருகில் இருக்கட்டும்.

நேர்காட்சி என்பது போய் உட்கார்ந்து பார்ப்பது. ஆசிரியர் இசைந்தால் வகுப்பின் கடைசி வரிசையில் நாலைந்து நாள் அமரலாம். புதிய ஆங்கிலப் பாடப் பகுதியை ஆசிரியர் தமிழில் விளக்கும்போது எந்தப் பிள்ளைகளின் முகம் தெளிகிறது, அதே பகுதியைத் தாமே படிக்கச் சொன்னால் எவர் வாய் மூடிக்கொள்கிறது என்பன படிவத்தில் வாரா. மாலை ஆறு மணிக்கு மேல் அத்தெருவில் நடந்தால், எந்த வீட்டில் புத்தகம் விரிந்திருக்கிறது, அதன் அருகில் யார் இருக்கிறார் என்பது தெரியும். பார்த்ததை அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் பார்த்தது பாதி, நினைத்தது பாதியாகிவிடும். நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் நம் எண்ணம் எனப் பிரித்து எழுதுவது மிகவும் உதவும் என்பது நம் கருத்து.

போட்டிக் காரணங்கள்

ஆய்வின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. ஊரில் எவரைக் கேட்டாலும், ‘புதுப் பாடம் வந்தது, பிள்ளைகள் மிரண்டுவிட்டன’ என்பார்கள். இருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் குடியிருப்பிலிருந்து வரும் பாதை முழங்காலளவு நீரில் மூழ்குவதும் காரணமாகலாம். அதிகாலையில் நடவுக்குச் செல்லும் தாய்க்குப் பதிலாக மூத்த பெண் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் காரணமாகலாம். சில பெரியோர், ‘பிள்ளைகளைக் கதிர் அறுக்க அழைத்துப் போய்விடுகிறார்கள்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அறுவடை இயந்திரம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னரும் அந்தப் பழங்காரணம் வாயிலிருந்து இறங்கவில்லை! எந்தக் காரணத்தையும் முன்கூட்டியே நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஒவ்வொன்றும் உண்மையானால் பதிவேட்டில் என்ன தெரிய வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

மழையே காரணமாயின், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருகை விழுந்து தை மாதத்தில் எழும். 2022ஆம் ஆண்டிலும் அவ்வாறே விழுந்திருக்கும். தாயின் வேலையே காரணமாயின், நடவு நாட்களில் விழும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம், அதிலும் கைக்குழந்தை உள்ள வீட்டுப் பெண்ணிடம், மிகுதியாகத் தெரியும். பாடத்திட்டமே காரணமாயின் எப்படித் தெரியும்? இங்கே நமக்கு வாய்ப்பான செய்தி ஒன்று உள்ளது. 2023-24இல் ஒன்பதாம் வகுப்பு மாறிற்று. பத்தாம் வகுப்பு மாறவில்லை. ஒரே பள்ளி, ஒரே மழை, ஒரே பாதை. பாடம் மட்டும் வேறு. அவ்வாண்டில் ஒன்பதாம் வகுப்பின் வருகை பத்தாம் வகுப்பைவிடக் குறைந்திருந்தால், பாடத்திட்டத்தின் மீது ஐயம் விழுகிறது. ஆனால் பொறுங்கள். பத்தாம் வகுப்பு பொதுத் தேர்வு வகுப்பு. அங்கே எந்த ஆண்டிலும் வருகை கூடுதலாகவே இருக்கும். ஆகவே இரண்டும் பழைய பாடத்தில் இருந்த 2022-23இல் அவ்விடைவெளி எவ்வளவு என்று பார்த்து, அதைவிட 2023-24இல் பெரிதாயிற்றா என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும். புதிய உரம் இட்ட வயலையும் இடாத வயலையும் ஒப்பிடும்போது, உரம் இடுமுன்னரே ஒன்று மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருந்தனவா என்று விவசாயி கேட்பது போன்றதே இது.

இவ்வளவும் பார்த்த பின்னர்தான் வீட்டுப் பேச்சுக்குப் பொருள் பிறக்கும். பெரும்பாலும் ஒரே காரணம் கிடைக்காது. பாதை நீரில் மூழ்கியதால் பத்து நாள் வராத பிள்ளைக்கு, விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் முன்பு அண்ணன் இருந்தான். பாடம் மாறியதால் இப்பொழுது அவனாலும் இயலவில்லை. பத்து நாள் ஒரு மாதமாகிறது என்பது போன்ற சங்கிலி வெளிப்படலாம். அச்சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுப்பது நம் கைக்கு எளிது என்பதே பஞ்சாயத்துக்கு வேண்டிய செய்தி. பாடத்திட்டம் நம் கையில் இல்லை. பாதையும் மாலை வகுப்பும் நம் கையில் உள்ளன.

மானமும் மறைவும்

ஒரு வீட்டின் வறுமை, குடிப்பழக்கம், கடன், சண்டை யாவும் இவ்வாய்வில் காதில் விழும். அவற்றை ஊரறியச் செய்தால், அடுத்த முறை எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள். அதைவிட, அப்பிள்ளை பள்ளியில் தலை நிமிராது. எனவே எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட வேண்டும். தஞ்சைப் பகுதியில் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்த கேத்லீன் கஃப் அம்மையார் தாம் ஆராய்ந்த ஊரைக் ‘கும்பபேட்டை’ என்று அழைத்தார்; 1961-62இல் தங்கி ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேல் ‘ஸ்ரீபுரம்’ என்றார். இரண்டும் புனைபெயர்கள். உலகறிந்த நூல்களாகியும் ஊர்ப் பெயரே மறைக்கப்பட்டிருக்கிறதென்றால், எட்டு வீடுகளை ஆராயும் நாம் எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும்? சிறிய ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘மூன்று பெண் பிள்ளைகளும் ஒரு தையல் இயந்திரமும் உள்ள வீடு’ என்றெழுதினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அத்தகைய அடையாளங்களையும் நீக்குக. எழுதி முடித்ததை முதலில் அவ்வீட்டாருக்கே படித்துக் காட்டி, ‘இதைச் சொல்லலாமா?’ என்று கேட்பது முறை. தவறாக விளங்கிக்கொண்டதும் அப்போது திருந்தும். ஆசிரியர்களுக்கும் இவ்வுரிமை உண்டு. ஆய்வு என்ற பெயரில் ஓர் ஆசிரியரை ஊர்க் கூட்டத்தில் நிறுத்திக் குற்றம் சாட்ட நினைப்போர் இவ்வேலையில் இறங்காதிருப்பதே நல்லது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது

ஒரு பள்ளியை ஆராய்ந்துவிட்டுக் காரைக்காலில் உள்ள பள்ளிகளெல்லாம் இப்படித்தான் என்று எழுதுதல் தவறு. எட்டு வீடுகளில் ஐந்து என்பதை நூற்றுக்கு அறுபத்திரண்டரை என்று மாற்றி எழுதுவது அதனினும் தவறு. இம்முறையைக் குறை கூறுவோர் எப்போதும் சுட்டுவது இதையே. அவர்கள் சுட்டுவதில் நியாயமும் உண்டு. நாம் சொல்லக்கூடியது, ‘இப்பள்ளியில் இது இவ்வாறு நிகழ்கிறது, இன்ன இன்ன நிலைமைகள் ஒன்றுகூடும்போது நிகழ்கிறது’ என்பதே. அதே நிலைமைகள் குரும்பகரத்திலோ திருநள்ளாற்றுப் பகுதியிலோ உள்ளனவா என்று அவ்வூரார் தம் பள்ளியைப் பார்த்துச் சொல்லட்டும். அங்கும் ஆராய்ந்து அதே சங்கிலி தெரிந்தால் நம் முடிவு வலுப்பெறும். தெரியாவிட்டால் எந்த வேறுபாட்டினால் தெரியவில்லை என்பது புதிய பாடமாகும்.

காலமும் செலவும் பற்றி ஒரு சொல். ஏடுகளைப் பார்க்க இரண்டு வாரம், வீடுகளுக்கும் வகுப்புக்கும் ஆறு வாரம், எழுத இரண்டு வாரம் என ஒரு பருவத்துக்குள் முடிக்கலாம். மூன்று நோட்டுப் புத்தகங்களுக்கு மேல் செலவில்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வது வசதியே. ஆனால் கருவியைக் கண்டதும் பேச்சு மேடைப்பேச்சாகிவிடுவதால், அதை எடுக்குமுன் வீட்டாரின் இசைவைக் கேட்க வேண்டும். மறுத்தால் எழுதிக்கொண்டால் போதும். அறிக்கை பதினைந்து பக்கத்துக்கு மிகாமல், ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கத்தக்க தமிழில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் படித்துக் காட்டினால், பள்ளி திறக்குமுன் ஆவன செய்ய அவகாசம் இருக்கும்.

அறிக்கையின் ஒரு படி பள்ளியிலும் ஒரு படி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும். கேட்ட கேள்விகளின் பட்டியலை அதனுடன் இணைத்து வைத்தால், மூன்றாண்டு கழித்து வேறு மூவர் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். புனைபெயருக்கு உரிய உண்மைப் பெயர்களின் பட்டியலைத் தனி உறையிலிட்டு, முத்திரையிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். மறு ஆய்வுக்கு வருவோர் அன்றி வேறெவரும், நம் அலுவலகம் உட்பட, அதைப் பிரித்தலாகாது என்று உறையின் மேலேயே எழுதிவிடுக.